புரட்டாத அடுப்பு

இன்னும் நேரம் இருக்கிறது. வேலமரத்து நிழல் இப்போதுதான் என் கால்விரலைத் தொட்டிருக்கிறது. அது அடுப்பைத் தாண்டிய பிறகுதான் கொம்பு ஊதுவார்கள். அதற்குள் கூழைக் குடித்துச் சட்டியைக் கழுவ வேண்டும், இரண்டு மாட்டின் மேலும் உப்புப் பொதியை ஏற்ற வேண்டும், நெருப்பை அணைக்க வேண்டும், அடுப்பின் மூன்று கல்லையும் காலால் புரட்டிவிட வேண்டும். ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்தால் வலது முட்டி சும்மா இருக்கிறது. அந்தச் சும்மாவை நம்பித்தான் பத்து நாளாக ஏமாறுகிறேன். எழுந்தால் உள்ளே யாரோ ஈரக் கயிற்றை முறுக்குகிற மாதிரி ஒரு வலி. முறுக்கி முறுக்கி இடுப்பு வரைக்கும் ஏறி அங்கே முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. யாருக்கும் தெரியாது. மாட்டுக்கு மறுபக்கத்தில், அதன் கழுத்தில் கை போட்டுக்கொண்டு, பிரியமாக நடக்கிறவள் போல நடந்தேன். மாட்டுக்குத் தெரியும். அது சொல்லாது. நாளை மறுநாள் மலை தொடங்குகிறது. ஐந்து நாள் ஏற்றம். மலைப்பாதையில் மாட்டின் மேல் ஆள் ஏறக்கூடாது, ஏறினால் மாடு சரியும், ஒரு மாடு சரிந்தால் பின்னால் வருகிற பத்து மாடும் சரியும். நடக்க முடியாதவர் நின்றுவிட வேண்டியதுதான். போன வருடம் கிழவன் சடையன் மூன்றாவது நாள் நின்றான். சுனைக்குப் பக்கத்தில் ஒரு பாறையில் உட்காரவைத்து, மடியில் ஒரு முடிச்சு அவல் வைத்துவிட்டு வந்தோம். நான்தான் முடிந்து கொடுத்தேன். திரும்பி வரும்போது பாறை இருந்தது, சுனை இருந்தது. அந்த அவலை அவன் தின்றானா?

தின்றிருப்பான். பசித்தால் தின்னாமல் என்ன செய்வான். பசிப்பதற்கு முன்பே ஏதாவது வந்திருந்தால்? வேண்டாம். சந்தையைப் பார்க்கிறேன். கூட்டம் பாதிக்கு மேல் கலைந்துவிட்டது. எட்டு நாளுக்கு ஒருமுறை கூடுகிற சந்தை இது. ஊர் இல்லை, பேரும் இல்லை. கடற்கரையிலிருந்து வருகிற வழியும் தெற்கிலிருந்து வருகிற வழியும் இங்கே சேர்ந்து மலைக்குப் போகின்றன, அதனால் கூட்டுவழி என்கிறார்கள். வடக்கே ஓர் ஊர், கிழக்கே ஓர் ஊர். நடுவில் இந்தத் தரிசு. எல்லை இதற்கு அந்தப் பக்கம் என்று இவர்களும், இந்தப் பக்கம் என்று அவர்களும் என் மாமியார் காலத்திலிருந்து சண்டை போடுகிறார்கள். ஒன்றில் மட்டும் ஒத்துப்போனார்கள். சந்தை ஒரு பகல் கூடலாம், ஆனால் பொழுது சாயும்போது ஓர் அடுப்பும் நிற்கக் கூடாது. ஏனென்றால் பொழுது இறங்கும்போது எரிந்துகொண்டிருக்கிற அடுப்பு வீடு. அது இரண்டு ஊருக்கும் தெரியும், சாத்தில், உப்புப் பொதிமாட்டுக் கூட்டத்தோடு நடக்கிற எங்களுக்கும் தெரியும். மூன்று கல், அதன் நடுவே நெருப்பு, பொழுது இறங்கிவிட்டதென்றால் அதை மூட்டியவளைத் தவிர வேறு யாரும் கலைக்க முடியாது. நாட்டை ஆள்பவர்கூட முடியாது என்பார்கள். ஆள்பவர் என் அடுப்பைக் கலைக்க எங்கே வரப்போகிறார். அதனால்தான் ஒவ்வொரு சந்தை முடிவிலும் நாங்கள் கல்லைப் புரட்டுகிறோம். கரி பிடித்த பக்கம் மேலே தெரிய வேண்டும். காவல்காரர் ஒருவர் தடியோடு வந்து பார்த்துக்கொண்டே போவார். ஆனால் நான் நாலு வருடமாகப் பார்க்கிறேன், மனிதர்கள்தான் போகிறார்கள், கனமானவை போவதில்லை. கொல்லர் முதலில் பட்டறைக் கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், பிறகு ஒரு மழைக்காலத்தில் வண்டி சேற்றில் சிக்கியதால் கல்லை இலை போட்டு மூடி வைத்துவிட்டுப் போனார், இப்போது இலைகூடப் போடுவதில்லை. எண்ணெய்க்காரரின் செக்கு மரத்தடியிலேயே நிற்கிறது. கருவாட்டுக்காரி தன் இடம் என்று ஒரு கிளையில் நூல் கட்டிவைத்திருக்கிறாள். அந்த நூலை ஒருவரும் அவிழ்ப்பதில்லை. கல்லும் செக்கும் நூலும் இருந்துகொள்ளலாம், அவை சோறு பொங்குவதில்லை. அவற்றுக்கு முட்டி வலிப்பதும் இல்லை.

நங்கை வருகிறாள். என் கொழுந்தன் காரியின் பெண்டாட்டி. நான் சட்டியைக் கிண்டுகிற மாதிரி அகப்பையை எடுத்துக்கொள்கிறேன். அவள் தூரத்திலிருந்தே பேசிக்கொண்டு வருகிறாள், எப்போதும் அப்படித்தான், பாதிப் பேச்சு வழியிலேயே சிந்திவிடும். "என்னக்கா, கூழைக் கிண்டறீங்களா, கடலைக் கிண்டறீங்களா? எல்லாரும் சட்டி கவுத்தாச்சு." ஆகட்டும் நங்கை, சூடு ஆறட்டும் என்கிறேன். "ஆறினாத்தான் குடிப்பீங்களோ? உங்க கொழுந்தன் வாயைப் பொசுக்கிக்கிட்டுக் குடிச்சுட்டு, நான் கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேன்னு என்னைத் திட்டிக்கிட்டு இருக்காரு. ஊதிக் குடிக்கறதுக்கும் நான்தான் போகணுமாக்கும்." சிரிக்கிறேன். சிரித்தால் முட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. அவள் இடுப்பில் கை வைத்து நின்று என் காலைப் பார்க்கிறாளோ என்று தோன்ற, சேலையை இழுத்து மூடுகிறேன். "உங்க மாடு ரெண்டையும் அவரே ஓட்டிட்டுப் போயிட்டாரு அக்கா, எங்களதோட சேத்துப் பொதி ஏத்திக்கறேன்னு. நீங்க வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தாப் போதும்." அப்படியா என்கிறேன். "அப்புறம் ஒரு சேதி. மலையிலேர்ந்து மிளகு கொண்டுவந்தவன் சொன்னான், சீராளுக்கு மறுபடியும் வயித்துல இருக்குதாம். ஆறு மாசம் முடியப்போகுதாம்." அகப்பை நின்றுவிடுகிறது. "நாம போய்ச் சேர்றப்போ ஏழு. நீங்க அங்கயே தங்கிப் பேறு பார்த்துட்டு, அடுத்த நடைக்கு எங்ககூட வரலாம். தலைவர்கிட்ட நான் பேசறேன். முகத்துல ஒரு சிரிப்பைக் காட்டுங்கக்கா, பேத்தி வரப்போறா." அவள் போய்விட்டாள். புரட்டின கல்லை மிதித்துத் தாண்டிக்கொண்டு, வளையல் குலுங்கப் போய்விட்டாள். இரண்டு முட்டியும் நன்றாக மடங்குகின்றன அவளுக்கு.

சீராள், என் மகள். ஏழு மாதம். மலைக்கு மேலே, ஏற்றம் முடிந்து இரண்டு நாள் சமவெளி. அவள் வீட்டு வாசலில் பாக்கு காயப்போட்டிருப்பார்கள். முதல் பிள்ளை பிறந்தபோது நான் கடற்கரையில் உப்புக்குக் காத்திருந்தேன், போய்ச் சேர்ந்தபோது பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது, என்னைக் கண்டு அழுதது. இந்தத் தடவையாவது என்று தோன்றுகிறது. தோன்றினவுடனே முட்டி என்று தோன்றுகிறது. மூன்றாவது நாள். சுனை, பாறை. என் மடியில் யார் அவல் முடிவார்கள்? நங்கைதான் முடிவாள், அவளுக்கு முடிச்சு இறுகப் போடத் தெரியாது. ஏறிவிடலாம் என்று ஒரு பக்கம் சொல்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடலாம். பத்து நாளாகச் சமதரையில் கடித்த பல்லே ஆடுகிறது. தலைவரிடம் சொல்லிவிடலாம் என்று இன்னொரு பக்கம். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தலைவர் பூவணன் நல்லவர்தான். நல்லவர் என்பதால் என்னை வழியில் விடமாட்டார், வடக்கூரில் நிலக்காரர் யார் வீட்டிலாவது கொண்டுபோய் ஒப்படைப்பார். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒருத்தியை அப்படித்தான் ஒப்படைத்தார். நெல் குத்துகிறாள். குத்திக்கொண்டே இருக்கிறாள். சந்தைக்குக்கூட அவளை விடுவதில்லை, கூட்டத்தில் கலந்து ஓடிவிடுவாளாம். அவள் பேர் என்ன? மறந்துவிட்டதே. அவளோடு ஒரே சட்டியில் மூன்று வருடம் தின்றேன். பேர் நாக்கு நுனிக்கு வருகிறது, வந்து திரும்பிப் போகிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைக் காலையிலிருந்து நினைக்காமல் இருக்கிறேன். நினைக்காமலே இந்த இடத்தை எடுத்தேன், குளத்துக்குப் பக்கம், மேடு, மழைத் தண்ணீர் நிற்காது. நினைக்காமலே கல்லை ஆழமாகப் பதித்தேன். ஒரு பகல் கூழுக்கு இவ்வளவு ஆழம் எதற்கு? கை தானாகத் தோண்டியது. கைக்கு ஓய்வு வேண்டும் போல. உடம்பு முழுவதும் ஓய்வு கேட்கிறது, தலைமயிர்கூட. சாத்தில் பிறந்தேன், ஒரு மாட்டின் நிழலில் என்னைப் பெற்றுத் துணியில் சுற்றி மறுநாளே நடந்தார்களாம். நாற்பத்தைந்து வருடத்தில் ஒரே இடத்தில் இரண்டு பொழுது விடிந்து நான் பார்த்தது வெள்ளம் வந்தபோதும் கோவன் செத்தபோதும்தான்.

கோவன் என் புருஷன். செத்து ஆறு வருடம். ஆனால் சாத்தில் அவர் சாகவில்லை. புறப்படும்போது தலைவர் ஒவ்வொரு மாட்டுக்காரரின் பேரையும் கூப்பிடுவார், உண்டு என்று குரல் கொடுக்க வேண்டும். பேர் ஆண்பிள்ளைக்குத்தான். அதனால் ஆறு வருடமாகக் கோவன் என்று கூப்பிடும்போதெல்லாம் நான் உண்டு என்கிறேன். முதல் தடவை அவர் பின்னால் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது, பழகினதுதான் அதைவிட மோசம். சில நாள் கொற்றி என்று யாராவது கூப்பிட்டால் அது யார் என்று ஒரு கணம் பார்க்கிறேன். மூன்று தடவை கூப்பிட்டும் குரல் இல்லையென்றால் தலைவர் முன்மாட்டை நிறுத்திவிட்டுத் தாமே நடந்து வருவார். வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார், வருகிறாயா நிற்கிறாயா. நிற்கிறேன் என்றால் ஏன் என்று கேட்க மாட்டார், அது வழக்கம். யாருக்குச் சேதி சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்பார். அதற்கு நான் வார்த்தை வைத்திருக்கிறேன். எப்போது சேர்த்தேன் என்று தெரியவில்லை, நினைக்காமலே சேர்ந்துவிட்டது போல. சீராளிடம் சொல்லுங்கள், அம்மாவால் ஏற முடியவில்லை, ஆனால் அம்மா கூட்டுவழியில் இருக்கிறாள், குளத்துக்கு மேற்கே, நீ வரும்போது வா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா, இடம் மாறாமல் இருப்பேன். நீளமாக இருக்கிறது. தலைவருக்கு மறந்துவிடும். அம்மா கூட்டுவழியில் இருக்கிறாள். இது போதும். இருக்கிறாள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

நிழல் சட்டியைத் தொட்டுவிட்டது. சட்டியில் கூழ் ஆடை கட்டியிருக்கிறது. எழுந்துவிட்டால் என்ன? மாடு தயார், வெறுங்கையோடு வந்தால் போதும் என்கிறாள். ஏழு மாத வயிறு எப்படி இருக்கும், அவளுக்கு வயிறு முன்னால் தள்ளும், என்னைப் போல. எழுகிறேன். கையை ஊன்றி, இடது காலை மடக்கி, வலது காலை நீட்டி. ஈரக் கயிறு. கண்ணில் பொறி பறக்க உட்கார்ந்துவிடுகிறேன். சரி. இதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை, இருந்தாலும் யோசிக்கிறேன், செக்கு மாடு போல யோசிக்கிறேன். கொம்பு ஊதுகிறார்கள். பறவைகள் கிளம்புகின்றன. மாட்டு மணிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஒரே ஓசையாகின்றன, நான் பிறந்ததிலிருந்து கேட்கிற ஓசை, தூக்கத்தில்கூடக் கால் அதற்கு அசையும். இப்போதும் அசைகிறது, இடது கால் மட்டும். தூசி எழும்பி எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்கிறது. பூவணனின் குரல். நக்கன்! உண்டு. சேந்தன்! உண்டு. மாறன்! மாறனுக்கு எப்போதும் இரண்டாம் தடவைதான் காது கேட்கும், மாறன்! உண்டு உண்டு. சிரிப்பு. காரி! உண்டு. அடுத்தது நான். அடுத்தது கோவன். கோவன்! வாய் தானாகத் திறக்கிறது, உள்ளங்கையால் பொத்திக்கொள்கிறேன். கை கரி, உதட்டில் கரி. கோவன்! மணிகள் குறைகின்றன, திரும்பிப் பார்க்கிறார்கள் போல. வருவார், வந்து கேட்பார், நிற்கிறேன் என்பேன், சேதி சொல்வேன். கோவன்!

"உண்டு!"

யார் அது? என் குரல் இல்லை. கையை எடுத்துப் பார்க்கிறேன், வாய் மூடித்தான் இருக்கிறது. காரி. காரியின் குரல். நான் மாட்டுக்கு மறுபக்கத்தில் வருகிறேன் என்று நினைத்திருக்கிறான், பத்து நாளாக அங்கேதானே வந்தேன். அண்ணிக்குத் தொண்டை கட்டியிருக்கும், நாமே சொல்லிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறான். நல்ல பிள்ளை. பாவி. அடுத்த பேரைக் கூப்பிட்டாயிற்று. அதற்கடுத்த பேர். இனி முன்மாடு நிற்காது, யாரும் வரமாட்டார்கள், யாரும் கேட்கமாட்டார்கள். ஆறு வருடமாகச் செத்தவருக்காக நான் சொன்னதை இன்று எனக்காக ஒருவன் சொல்லிவிட்டான். நான் போய்க்கொண்டிருக்கிறேன். அதோ அந்தத் தூசிக்குள் நான் போய்க்கொண்டிருக்கிறேன். இன்றிரவு தங்குமிடத்தில்தான் தெரியும். நங்கை அழுவாள். வழியில் எங்கோ விழுந்துவிட்டேன் என்பார்கள், திரும்பினால் அடுத்த தண்ணீருக்கு நேரத்தில் போய்ச் சேர முடியாது என்பதால் தேட மாட்டார்கள், நானும் எத்தனையோ பேரைத் தேடாமல் நடந்தவள்தான். சீராளிடம் என்ன சொல்வார்கள்? கத்தலாம். கத்தினால் கேட்கும் தூரம்தான். காரி, நான் இங்கே இருக்கிறேன்! கத்தினால் ஓடிவருவான், என்னைக் கண்டால் தூக்குவான், தோளில் போட்டுக்கொண்டாவது ஏறுகிறேன் என்பான், மூன்றாவது நாள் அவனும் பாறையில் உட்காருவான். இல்லை என்றால் வடக்கூர், உலக்கை. கத்தவில்லை. மணியோசை மேற்கே மெலிகிறது. அம்மா கூட்டுவழியில் இருக்கிறாள். யாரிடம் சொல்ல? எட்டு நாளில் மறுபடி சந்தை. மிளகுக்காரன் வருவான், மேலே போகிறவன் எவனாவது வருவான். வழியெல்லாம் இங்கே வந்துதானே பிரிகிறது. இந்த எட்டு நாளும், அதற்கு மேலும், அவள் என்னைச் செத்தவள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள், வயிற்றில் பிள்ளையோடு. அதை நினைத்தால் மூச்சு பாதியில் நிற்கிறது. நிற்கட்டும். வரும்.

தடி தட்டுகிற சத்தம். காவல்காரர் வருகிறார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் கிடக்கிறது, என் வயதிருக்கும், நாள் முழுவதும் நின்ற கால் இழுத்துக்கொண்டு வருகிறது. ஒவ்வோர் அடுப்பாகப் பார்த்து, சரியாகப் புரளாத கல்லைக் காலால் தள்ளிவிட்டு வருகிறார். என் அடுப்புக்கு முன்னால் நின்று, மூன்று கல்லையும் நெருப்பையும் சட்டியையும் என்னையும் அந்த வரிசையிலேயே பார்க்கிறார். "ஏனம்மிணி, சாத்து போயிருச்சே, நீ யாரு?" கொற்றி என்கிறேன். "எல்லாப் பேரும் கேட்டேனே. எல்லாரும் உண்டுன்னு சொன்னாங்களே. யாரும் நிக்கலையே." ஆமாங்க, யாரும் நிக்கலை என்கிறேன். "அப்ப நீ?" முட்டிங்க என்கிறேன். அவர் முட்டியைப் பார்க்கிறார். சேலைக்கு மேலேயே தெரிகிற அளவுக்கு வீங்கியிருக்கிறது, இதை எப்படி மறைத்தேன் என்று எனக்கே வியப்பு. "சரி, நெருப்பை அணைச்சுக் கல்லைப் புரட்டு. வடக்கூர்ல சொல்லி எங்கயாவது நெல்லு குத்த..." மாட்டேங்க என்கிறேன். குரல் சத்தமாக வந்துவிடுகிறது, உண்டு என்று சொல்லிப் பழகின குரல். "மாட்டேன்னா? பொழுது சாயறதுக்குள்ள ஒண்ணும் நிக்கக் கூடாது, தெரியுமில்ல? நாளைக்கு இதைப் பார்த்துட்டு கிழக்கூர்க்காரன் என் குடுமியைப் பிடிப்பான்." தெரியுங்க. "அணைச்சுரு." நீங்களே அணைச்சுக்குங்க என்கிறேன். அவர் இரண்டடி பின்னால் போகிறார். "நல்லா இருக்குதே. ஒரு பொம்பளை மூட்டி உலை வெச்ச நெருப்புல நான் தண்ணி ஊத்தவா? எரியற அடுப்புல கால் வைக்கவா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குது தாயே, அந்தப் பாவம் அதுங்களைப் பிடிக்கும்." அவர் மேற்கே பார்க்கிறார். பொழுது இன்னும் ஒரு பனை உயரம் இருக்கிறது. நெருப்பைப் பார்க்கிறார். கடைசிச் சுள்ளி, பாதி சாம்பல். "தானா அணைஞ்சுரும். அணைஞ்சதும் புரட்டறேன்" என்று தடியை மடியில் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். உட்காரும்போது அம்மாடி என்கிறார், என்னைப் போலவே. பிறகு சட்டியை எட்டிப் பார்த்து, "கூழு வீணாப் போகுமே" என்கிறார். கொட்டாங்கச்சியில் ஊற்றிக் கொடுக்கிறேன். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளிக்கிறார். "உப்பில்லையே." உப்பெல்லாம் மாட்டு மேல போயிருச்சுங்க என்கிறேன். "உப்புச் சாத்துல வந்தவகிட்ட ஒரு கல் உப்பில்லை!" அவருக்குச் சிரிப்பு வந்து புரையேறுகிறது. எனக்கும் வருகிறது. ஆனால் சிரித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை, சுள்ளி தலையைச் சாய்க்கிறது. பத்தடி தள்ளி நங்கை புரட்டிவிட்டுப் போன அடுப்பு. அதனருகே பாதி எரிந்த விறகு ஒன்று கிடக்கிறது. அவளுக்கு எதையும் முழுதாக எரிக்கத் தெரியாது. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, வலது காலை வெறும் மூட்டையாக இழுத்துக்கொண்டு நகர்கிறேன். புழுதி, சாணி, கருவாட்டுச் செதில். அவர் கொட்டாங்கச்சியை வாயருகில் பிடித்துக்கொண்டு பார்க்கிறார், கல்லைப் புரட்டுவதுதான் அவர் வேலை, விறகு பொறுக்குவதைத் தடுப்பது இல்லை. விறகைப் பல்லில் கவ்விக்கொண்டு திரும்பி வருகிறேன். சாம்பலில் செருகி ஊதுகிறேன். புகை. இன்னொரு தடவை ஊதுகிறேன். பிடித்துக்கொண்டது. பொழுது இறங்கும்வரை எரிய வேண்டும், இது எவ்வளவு நேரம் வரும்? பொழுது முக்கால் பனை. இருபத்தோரு அடுப்பு மூட்டினோம் இன்று, ஒவ்வொன்றிலும் ஏதாவது மிஞ்சியிருக்கும். அடுத்தது மாறனுடையது, அது இன்னும் தள்ளி, கொல்லரின் கல்லுக்கும் அப்பால். கையை ஊன்றுகிறேன்.